மாவு உங்களுடையது, சூடு எங்களுடையது

ஜெபசீலன் யாரையாவது கேட்காமல் எதையும் செய்யமாட்டார். தாம்பரத்திலிருந்து பீச் வரை முப்பது வருஷம் மின்சார ரயிலில் போய்வந்த மனிதர். கையில் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டே, "இது இந்த வண்டிக்குச் செல்லும்தானே சார்?" என்று டிக்கெட் பரிசோதகரை வலியப் போய்க் கேட்பார். அவரைக் கண்டால் பரிசோதகர்கள் வேறு பெட்டிக்கு மாறிவிடுவார்கள். சேலையூர் வீட்டுக் கொல்லையில் இருந்த முருங்கையில் ஒரு கிளையை வெட்டுவதற்குப் பஞ்சாயத்துக்கு மனுப் போட்டவர் அவர். அங்கே அந்த மனுவை என்ன செய்வது என்று யோசித்து முடிப்பதற்குள் கிளை தானாகவே முறிந்து விழுந்துவிட்டது.

இதைப் பயந்த சுபாவம் என்று எண்ணிவிட வேண்டாம். பாரிமுனையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா அவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சரியான படிவத்தில், சரியான வார்த்தைகளில் கேட்டால் திறக்காத கதவே கிடையாது என்று மனசார நம்பினார். நல்லவர்களுக்கு மட்டுமே வருகிற வியாதி இது. மருந்து கிடையாது.

அவருக்கு வாய்த்த மனைவி ஞானசௌந்தரி இதற்கு நேர் எதிர். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பங்களாவில் சமையல்காரராக இருந்தவரின் மூத்த மகள். அவளும் தங்கை ஹில்டாவும் நடை பழகியதே ரொட்டி அடுப்பைச் சுற்றித்தான். இருவருக்கும் அப்பாவின் கை அப்படியே வந்திருந்தது. அடுப்பின் சூடு பதமாக இருக்கிறதா என்று பார்க்க அந்த வீட்டில் ஒரு வழி உண்டு. உள்ளே கையை நீட்டிக்கொண்டு பரமண்டல ஜெபத்தைச் சொல்ல வேண்டும். பாதியிலேயே கையை இழுக்க வேண்டியிருந்தால் ரொட்டிக்குச் சரி. கடைசி ஆமென் வரை தாங்கினால் கேக்குக்குச் சரி. ஆமென் சொல்லியும் கை சுகமாக இருந்தால் இன்னும் இரண்டு விறகு வைக்க வேண்டும். ஞானசௌந்தரி இதில் ஒருநாளும் தப்பியதில்லை.

அவளுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். தாம்பரத்தில் சின்னதாக ஒரு பேக்கரி. நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவளுடைய நாளெல்லாம் அந்த ஒரு நினைப்பிலேயே ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், "ஏங்க, நம்ம கொல்லையிலேயே ஒரு அடுப்பு போட்டுடலாமே?" என்று கேட்டாள்.

"பேஷா போடலாம். முதல்ல லைசென்ஸுக்கு எழுதிடறேன்" என்றார் ஜெபசீலன்.

எழுதினார். எந்த அலுவலகத்துக்கு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அதற்கும் மூன்று பிரதி வேண்டும் என்பார்கள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. பேக்கரிக்கு உரிமம் வேண்டுமானால் அரசாங்கம் ஒதுக்கும் மைதா கோட்டா இருக்க வேண்டும். மைதா கோட்டா வேண்டுமானால், கடந்த மூன்று வருஷத்தில் கடையில் எவ்வளவு மைதா செலவாயிற்று என்று காட்ட வேண்டும். கடையே இல்லாதவள் எந்தச் செலவைக் காட்டுவாள்? பைத்தியம் தீர்ந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தீரும் என்ற கதைதான். ஜெபசீலன் அந்தச் சிக்கலை மிகுந்த மரியாதையோடு சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினார். அது பரிசீலனையில் இருப்பதாக ஒரு கார்டு வந்தது. பிறகு அவர் நினைவூட்டுவதும், அவர்கள் கார்டு போடுவதுமாக ஆறு வருஷம் கழிந்தது.

இதற்கிடையில் ஹில்டா புருஷனோடு சிங்கப்பூர் போய்விட்டாள். அவனுக்குத் துறைமுகத்தில் வேலை. அறுபத்தாறில் ஒரு கடிதம் வந்தது. தெருமுனையில் ஒரு சின்ன இடத்தில் கேக் கடை போட்டிருக்கிறாளாம். மனுக் கொடுத்தாள், ஒருத்தர் வந்து குழாயையும் சாக்கடையையும் பார்த்தார், மூன்றாம் வாரம் காகிதம் கைக்கு வந்துவிட்டது. "மாவு எவ்வளவு வேணும்னு கடைக்காரன் என்னைக் கேக்கறான் அக்கா" என்று எழுதியிருந்தாள். சொகுசு என்று பீற்றிக்கொள்ளவில்லை. வாடகை கழுத்தை நெரிக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகூட கோயிலுக்குப் போக முடியவில்லை என்றும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "நின்னு நின்னு கால் வலிக்குது. ஆனா காத்துக்கிட்டிருந்து வலிக்கலை."

ஜெபசீலன்தான் அதை உரக்கப் படித்தார். அந்த வரியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஞானசௌந்தரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் வாய்விட்டு ஏதாவது திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுபத்தேழில் அவர் ஓய்வு பெற்றார். அதற்கு மறுவாரமே ஞானசௌந்தரி அவரை எதுவும் கேட்காமல், பீர்க்கன்கரணையிலிருந்து சின்னப்பன் என்ற கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கொல்லையில் செங்கல்லும் களிமண்ணுமாய் ஓர் அடுப்பு எழும்பியது. சின்னப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, "இன்னாக்கா இது, அடுப்பு மாரியே இல்ல, சின்னதா ஒரு கோயிலாட்டம் கீது" என்றான்.

"லைசென்ஸ் இல்லாம எப்படி சௌந்தரம்?" என்றார் ஜெபசீலன், கலங்கிப்போய்.

"எதுக்கு லைசென்ஸ்? ரொட்டி விக்கறதுக்குத்தானே? நான் ஒண்ணும் விக்கப் போறதில்லை. அவங்கவங்க வீட்டு மாவை அவங்கவங்க கொண்டுவரட்டும். நான் வேக வச்சுக் குடுக்கறேன். மாவு அவங்களுது, சூடு நம்மளுது."

வீட்டுச் செலவுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ மைதா வாங்க யாருக்கும் தடையில்லை. அந்தச் சின்ன இடுக்கின் வழியாக அவள் வெளியே வந்துவிட்டாள். நாலே மாதத்தில் சிட்லபாக்கம், குரோம்பேட்டை வரைக்கும் செய்தி போயிற்று. பள்ளிக்கூட லீவு விட்டால் நெய் பிஸ்கட்டுக்கு மாவும் சர்க்கரையும் நெய்யும் தூக்கிக்கொண்டு எல்லா வீட்டுப் பெண்களும் வந்தார்கள். டிசம்பர் வந்தால் கேக். முந்தின நாளே கலந்து ஊறவைத்த மாவைத் தகரத்தில் ஊற்றி, துணியால் மூடி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். எல்லாத் தகரமும் ஒரே மாதிரி இருக்குமென்பதால், மேலே முந்திரிப் பருப்பால் வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் வைப்பாள் ஞானசௌந்தரி. ரத்தினபாய் டீச்சர் வீட்டுக்கு மூன்று பருப்பு வரிசையாக. விமானப்படையில் வேலை பார்த்த எட்மண்ட் வீட்டுக்கு நாலு மூலையிலும் நாலு. மதுவிலக்கு அமலில் இருந்த காலத்திலும் எட்மண்ட் வீட்டுத் தகரத்திலிருந்து மட்டும் ஒரு தனி வாசனை வரும். யாரும் கேட்பதில்லை.

அந்த இரண்டு வருஷம் ஞானசௌந்தரி எப்படி இருந்தாள் என்பதை ஜெபசீலன் பார்த்துக்கொண்டே இருந்தார். விடியுமுன் எழுந்துவிடுவாள். விறகு அடுக்கும்போது கீர்த்தனை பாடுவாள். நாற்பத்தைந்து வயதுக்காரி பின்கட்டில் ஓடியாடித் திரிவதைப் பார்த்து, கல்யாணமான புதிதில்கூட இவள் இவ்வளவு அழகாக இல்லையே என்று நினைத்துக்கொண்டார். அதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தார். சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் மனசுக்குள் ஒரு முள் அவருக்கு. நாம் செய்வது சரிதானா? சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் அவரை உறுத்தியது. அறுபத்தொன்பது நவம்பரில், மனைவி மாதர் சங்கத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். "பிறர் கொண்டுவரும் மாவை எமது அடுப்பில் வேகவைத்துக் கொடுப்பதற்கு உரிமம் தேவையா என்பதைத் தயவுசெய்து தெளிவுபடுத்த வேண்டுகிறேன்." முத்து முத்தாக எழுதி, கோடு போட்டு, கையெழுத்திட்டு, அதே அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

உலகத்தில் வேறு எந்தப் புருஷனும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான். லஞ்சம் கொடுக்கிறவனுக்குத் தோன்றாது, திருடனுக்குத் தோன்றாது. யோக்கியனுக்குத்தான் தோன்றும்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு அந்த அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் தோத்தாத்ரி வந்தார். கூட ஒரு பியூன். இன்ஸ்பெக்டர் நெற்றியில் மெல்லிசாக நாமம், கையில் ஒரு கோப்பு. கொல்லையில் முப்பத்தேழு தகரம் வரிசையாகக் காத்திருந்தது. முதல் ஈடு இன்னும் உள்ளே போகவில்லை. ஞானசௌந்தரி அடுப்புக்குள் கையை நீட்டி ஜெபத்தில் பாதியில் இருந்தாள்.

"இவ்வளவு மாவும் யாருடையதும்மா?" என்றார்.

"இது ரத்தினபாய் டீச்சருது. இது எட்மண்ட் சார் வீட்டுது. இது குரோம்பேட்டை கங்கையம்மா வீட்டுது, அவங்க கிறிஸ்தவங்க இல்ல, பேரனுக்குப் பிறந்தநாள்" என்று முப்பத்தேழையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

தோத்தாத்ரி முகர்ந்து பார்த்தார். "இதென்ன வாசனை?"

"கிராம்பு சார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "எங்களுக்கு இப்படி ஒண்ணு நடக்கறதே தெரியாதும்மா. உங்க வீட்டுக்காரர் லெட்டர் மேலதான் வந்திருக்கேன்" என்று கோப்பைத் திறந்தார்.

முத்து முத்தான கையெழுத்து. ஞானசௌந்தரி அதைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். ஜெபசீலனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்கறேன் சார்" என்றார், கோப்பை நோக்கிக் கையை நீட்டி.

"இன்வர்டு நம்பர் போட்டுப் பதிவாயிடுச்சே சார். கேக்காம இருந்திருந்தா நாங்க பதிலே சொல்ல வேண்டியதில்லை. கேட்டுட்டீங்க, ரூல்ல இது எங்க வருதுன்னு மேல எழுதிக் கேக்கணும். பதில் வர்ற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாதுன்னு உத்தரவு." வாளியில் தண்ணீர் கேட்டு, தாமே நின்று தணலை அணைக்கச் சொன்னார். அடுப்பின் இரும்புக் கதவில் சணல் கயிற்றைக் கட்டி, பியூன் அரக்கு வைத்தான். போகும்போது தோத்தாத்ரி ஜெபசீலனின் தோளைத் தொட்டு, "ஒரு மாசத்துல வந்துடும் சார்" என்றார். அவர் நம்பித்தான் சொன்னார்.

வாசல் கதவு சாத்திய பிறகு, ஞானசௌந்தரி கேட்டாள்: "யாராவது உங்களைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

"நம்ம பக்கம் ஒரு குத்தம் இருக்கக் கூடாதுன்னு..."

அவள் தகரங்களின் பக்கம் திரும்பினாள். முப்பத்தேழு வீட்டுக் கிறிஸ்துமஸ் கொல்லையில் உட்கார்ந்திருந்தது. முட்டை அடித்துக் கலந்த மாவு. எத்தனை நாள் தாங்கும்? "மணல் இருக்கா பாருங்க" என்றாள்.

பெரிய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தகரத்தை வைத்து, மூடிபோட்டு, மூடிக்கு மேலும் கரி நெருப்பைக் கொட்டினால் அதுவும் ஓர் அடுப்புதான். ஒரு வீட்டில் எல்லாம் முடியாது. ஒன்பது வீடுகளைப் பிடித்தார்கள். அந்த மூன்று நாளும் ஜெபசீலன் சைக்கிளில் கரி மூட்டையைக் கட்டிக்கொண்டு தள்ள, அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தாள். சேலையூர், சிட்லபாக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி குரோம்பேட்டை. வழியெல்லாம் அவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவள் "ம்" கொட்டினாள். கேக்குகள் ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் கருகி வந்தன. யாரும் குறை சொல்லவில்லை. ரத்தினபாய் டீச்சர் கண்ணீர் விட்டுவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி கோயிலில் ஞானசௌந்தரியின் இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்திருந்தன. அவர் அவளுடைய வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த மட்டுக்கும் மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது.

ஆனால் மன்னிப்பு வேறு, அடுப்பு வேறு. ஒரு மாதம் ஒரு வருஷமாயிற்று. ஜெபசீலன் விடாமல் எழுதினார், நேரிலும் போனார். இப்படி ஒரு தொழில் எந்த விதியிலும் இல்லை, ஆகவே அனுமதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்றார்கள். தோத்தாத்ரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். ஞானசௌந்தரி வீட்டு வேலையைக் குறைவில்லாமல் செய்தாள். பாட்டு மட்டும் நின்றுபோயிற்று. வெயில் ஏறிய பிறகே எழுந்தாள். கொல்லைப் பக்கம் போகவேண்டி வந்தால் அடுப்பைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு மனுஷி நன்றாக இருக்கிறாள் என்றால் இதுவல்ல என்பது அவருக்குத் தெரிந்தது.

எழுபத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சில தேசம் ஏன் முன்னுக்கு வருகிறது, நம் தேசம் ஏன் வரவில்லை என்று பேச்சு வந்தது. "நம்ம ஜனங்க சோம்பேறிங்க, அவ்வளவுதான்" என்றார் ஓய்வுபெற்ற பேராசிரியர் சுந்தர்சிங்.

ஜெபசீலன் ஆயுளில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "யாரு சார் சோம்பேறி? ஒரே அப்பன் கிட்ட தொழில் கத்துக்கிட்ட ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி சிங்கப்பூர்ல மூணாவது கடை திறந்துட்டா. மூத்தவ அவளைவிடக் கெட்டிக்காரி, அரக்கு வச்ச அடுப்போட உக்காந்திருக்கா. அவ சோம்பேறியா? அவ உழைக்கலைன்னா சொல்றீங்க? உழைக்க விட்டாங்களான்னு கேளுங்க சார்!"

வீட்டுக்கு நடந்து வரும்போது, உழைக்க விடாதவர்கள் கணக்கில் தன் பெயரும் இருக்கிறதே என்ற நினைப்பு கூடவே வந்தது. முதலில் படிவத்தை நீட்டி ஆறு வருஷத்தைத் தின்றது யார்? நல்லபடி எரிந்துகொண்டிருந்த அடுப்புக்கு ஆளைக் கூட்டிவந்தது யார்?

அந்த நவம்பரில் ஹில்டாவின் கடிதம் வந்தது. மூன்றாவது கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இருவரும் வந்துவிடுங்கள், டிக்கெட் நான் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள். ஜெபசீலன் படித்து முடித்து, "பாஸ்போர்ட்டுக்கு எழுதட்டுமா சௌந்தரம்?" என்று கேட்டார்.

அவள் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "அங்க போய்ச் செய்யறதை நான் இங்க செய்யக் கூடாதா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே காரணம் தெரியாமல் கேட்டாள். ஐம்பது வயதை நெருங்குகிற பெண்ணின் குரலில் வந்த கேள்வி அது. தன்னிடம் அதற்குப் பதில் இல்லை என்பதும், எந்த அலுவலகத்திலும் இல்லை என்பதும் ஜெபசீலனுக்கு அப்போதுதான் ஒன்றாகப் புரிந்தது.

மறுநாள் காலை ஞானசௌந்தரி கண்விழித்தபோது கொல்லையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சருகு ஏதாவது பற்றிக்கொண்டதோ என்று பதறிப்போய் ஓடினாள். அடுப்பின் கதவு அகலத் திறந்திருந்தது. அரக்கு உடைந்து மண்ணில் கிடந்தது, கயிறு இரண்டு துண்டாய் அறுந்திருந்தது. அரிவாள்மணைக்குப் பக்கத்தில் சட்டையெல்லாம் கரியாக, இருமிக்கொண்டு ஜெபசீலன் குந்தியிருந்தார்.

"ஐயோ, என்னங்க இது! ஆர்டர் வந்துடுச்சா? யாரு பர்மிஷன் குடுத்தா?"

அவர் புகையில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"யாரையும் கேக்கலை சௌந்தரம்."

ஞானசௌந்தரி அப்படியே நின்றாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விறகை இப்படியா அடுக்குவாங்க? காத்து எங்க போகும்? நகருங்க."